இடது பக்கக் கிளிப்

எழுத்து கோணலாக இருப்பதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். வலது கை மாவுக்கட்டில் தொங்குகிறது. அது எப்படி உடைந்தது என்பது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத சங்கதி, என் வீட்டுப் பூனைக்குச் சம்பந்தமுள்ளது. மூக்குக் கண்ணாடியும் இப்போது என்னிடம் இல்லை. எழுபத்தெட்டு வயதில், இடது கையால், கண்ணாடி இல்லாமல் எழுதுகிறவன் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத்தான் எழுதுவான்.

காசிமிர் ட்ரெல்லா ஆகிய நான், ஞானஸ்நானத்தில் வைத்த பெயரின் மேலும், காலமான என் தாயாரின் மேலும், என் கராஜ் சுவரில் தொங்கும் டார்க் ரெஞ்சின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. முதல் இரண்டின் மேலும் முன்பு பொய்ச் சத்தியம் செய்திருக்கிறேன். மூன்றாவதன் மேல் செய்ததில்லை. ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்கினோம் என்பதை அது கூட்டாமல் குறைக்காமல் சொல்லும். அதன் மேல் பொய் சொல்ல மனம் வராது.

எதிரே உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளர் ஹோர்டன் நல்ல பிள்ளை. என் மகனுக்கு ஒரு மகன் இருந்தால் இந்த வயது இருக்கும். காலையில் ஒரு படிவத்தைத் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார். கண்ணாடி இல்லை, படித்துக் காட்டு என்றேன். ஏழாவது கட்டம் வரை எல்லாம் சரியாக இருந்தது. ஏழாவது கட்டம், விபத்துக்கான காரணம். அதில் "உதிரிபாகம் பொருத்தியவரின் கவனக்குறைவு" என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

"தம்பி, அந்த வார்த்தைய அடிச்சுடு," என்றேன்.

"எந்த வார்த்தை?"

"கவனக்குறைவு."

"பெரியவரே, உங்க மேல கேஸ் எதுவும் இல்ல. யாரும் உங்கள ஒண்ணும் சொல்லப் போறதில்ல. கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

"வீட்டுக்குப் போறது இருக்கட்டும். தப்பா எழுதியிருக்கு. அடிச்சுட்டு சரியா எழுது."

"சரி, என்னன்னு எழுத?"

"கொலைன்னு எழுது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் இந்த மஞ்சள் தாள் கட்டையும் ஒரு கோப்பைக் காபியையும் கொண்டுவந்து வைத்தார். காபி சுமார்தான். அதைப் பற்றி வேறு படிவம் இருந்தால் அதையும் நிரப்பித் தருகிறேன்.

இறந்தவன் லைல் டேக்கட். வயது எழுபத்தொன்பது. நாற்பத்தாறு வருடமாக எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேர் கார் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நானும் லைலும் ஒரே ஆலையில், ஒரே வரிசையில் இருந்தவர்கள். பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சு, தயாரிக்கும் வரிசை. என் வேலை ஆக்சில் தண்டுகளைச் சொருகிக் கிளிப் போடுவது. அவன் வேலை வரிசையின் கடைசியில் நின்று, நான் போட்டேனா என்று பார்ப்பது.

கிளிப் என்றால் என்னவென்று ஹோர்டனுக்கு விளக்கினேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன். பின் சக்கரம் ஒரு இரும்புத் தண்டின் வெளிமுனையில் இருக்கிறது. அந்தத் தண்டின் உள்முனை, வண்டியின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டிக்குள் போகிறது. உள்முனையில் ஒரு பள்ளம். பள்ளத்தில் குதிரை லாடம் போல ஒரு சின்ன இரும்பு வளையம். உள்ளங்கையில் வைத்தால் ஒரு பிஸ்கட் அளவு இருக்கும். தண்டையும் சக்கரத்தையும் வண்டியோடு பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான். வேறு எதுவும் இல்லை. அது இல்லாவிட்டால் சக்கரம் தண்டோடு சேர்ந்து, உறையிலிருந்து கத்தி வருவதைப் போல வெளியே வந்துவிடும். உடனே வராது. வண்டி இடது பக்கம் வளையும்போது இடது சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

முப்பத்தொரு வருடத்தில் நான் போட்ட கிளிப் ஒன்பது லட்சத்துக்குக் குறையாது. ஒன்றுகூடத் தவறியதில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது லட்சம் போட்டவன் ஒன்றை மறப்பானா? மாட்டான். ஆகவே ஒன்று இல்லாமல் போயிருந்தால், அவன் வேண்டுமென்றேதான் போடாமல் விட்டிருக்க வேண்டும். இது எளிய கணக்கு.

ஏன் விட்டேன் என்பதைச் சொல்கிறேன்.

லைலுக்கு ஒரு பேச்சு உண்டு. "காஸ், மறுபடி ஒருதடவ பாத்துரு." ஆலையில் சொல்வான், அது அவன் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் சொன்னான். நான் வேலிக்கு ஆணி அடித்தால் சொல்வான். மாட்டிறைச்சியை அடுப்பிலிருந்து எடுத்தால் சொல்வான். என் கல்யாணத்தில் பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோது பின்னால் நின்றுகொண்டு, "மறுபடி ஒருதடவ பாத்துக்கடா," என்று கிசுகிசுத்தான். என் மனைவியைப் புதைத்த அன்று, பெட்டியை இறக்கும் பட்டைகளை ஆட்கள் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தவனும் அவன்தான். பார்த்துவிட்டு எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "சரியா இருக்கு, காஸ்," என்றான். நாற்பத்தாறு வருடம் இதைக் கேட்கிற மனிதன் ஒருநாள் கொலை செய்வது நியாயமானதே.

இரண்டாவது காரணமும் இருக்கிறது. யாருக்காவது என்னை அறிமுகம் செய்தால், "இவன் காஸ், கதை விடுறவன்," என்பான். மெக்கானிக் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இனி வண்டி. எழுபதாம் ஆண்டு மாடல், இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், கரும்பச்சை நிறம். லைல் அதை வாங்கியபோது அவன் தலையில் முடி இருந்தது. போன குளிர்காலத்தில் எஞ்சினைப் பிரித்து, பெரிய பிஸ்டன்கள் போட்டான். முன்பக்கம் யானை பலம் வந்துவிட்டது. பின்பக்கம் அதே பழைய, மெலிந்த ஆக்சில். சிக்னலில் பச்சை விழுந்து மிதித்தால் வலது சக்கரம் மட்டும் சுற்றிப் புகை கிளப்பும், இடது சக்கரம் வேடிக்கை பார்க்கும். தண்டு எந்த நிமிடமும் முறியலாம். ஆகஸ்டு மூன்றாவது சனிக்கிழமை, உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளெல்லாம் வலம் வரும் நாள். கண் மருத்துவர் லைலிடம் அக்டோபரோடு ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"இந்த ஒரு ஆகஸ்டுதான் காஸ்," என்றான். "ரெண்டு சக்கரமும் சேந்து கத்தணும். தெருவே திரும்பிப் பாக்கணும்."

"உன் மூஞ்சியப் பாத்தே திரும்பிக்கிட்டுதான் போறாங்க."

"உன் மூஞ்சியப் பாத்து ஓடுறாங்களே, அதுக்கு இது தேவல."

தடித்த தண்டுகள் வாங்கினோம். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தள்ளுகிற டிஃபரன்ஷியல் வாங்கினோம். எழும்பிக் கிளம்புவதற்கு ஏற்ற பல்சக்கர ஜோடி வாங்கினோம். அப்போது லைல் ஒரு கேள்வி கேட்டான்.

"கிளிப்பே இல்லாத மாதிரி, வெளிமுனையில போல்ட் போட்டுப் பூட்டுற செட்டு இருக்கே, அதுக்கு மாத்திரலாமா? எஞ்சின் பலம் கூடிருக்கு."

"நான் போட்ட கிளிப் எப்பவாவது கழண்டிருக்கா?" என்றேன்.

அவன் சிரித்தான். "இல்லடா சாமி. கிளிப்பே இருக்கட்டும்."

கவனியுங்கள். கிளிப் இல்லாத செட்டில் இந்தக் கொலையைச் செய்யவே முடியாது. அப்போதே நான் திட்டமிட்டிருந்தேன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

எங்கள் தெருவில் சனிக்கிழமைகளில் வண்டி பழுது பார்க்கிற கூட்டம் ஒன்று இருந்தது. ஒன்பது பேர். இந்த வேலை தொடங்கியபோது ஆறு பேர் கல்லறைத் தோட்டத்தில், ஒருவன் வெளிமாநிலத்தில், நானும் லைலும் மிச்சம். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு விதிகள். ஒன்று, போல்ட்டை முடுக்கியவன் அதன் மேல் மஞ்சள் பெயிண்ட் கோடு போடக் கூடாது. இன்னொருவன் வந்து சரிபார்த்து, அவன் கையால் போட வேண்டும். இரண்டு, எவன் வேலையை மூடினானோ அவன் முதல் ஓட்டத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். எழுபத்தொன்பதாம் வருடம் ஒருவன் பிரேக் வேலை செய்துவிட்டு, வயிற்று வலி என்று ஏறாமல் நின்றான். அதன் பிறகு அவனுக்கு யாரும் ஒரு ஸ்பேனர்கூடக் கடன் கொடுக்கவில்லை. இந்தியானா மாநிலத்துக்குக் குடிபோய்விட்டான்.

வியாழக்கிழமை காலை வேலையை முடிக்கும் கட்டத்துக்கு வந்தோம். வண்டி தூக்குத் தாங்கிகளின் மேல் இருந்தது. நான் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து அடியில் கிடந்தேன். லைல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வெளியே உட்கார்ந்து சாமான்களை எடுத்துக் கொடுத்தான். வலது தண்டைச் சொருகினேன், வலது கிளிப்பைப் போட்டேன். இடது தண்டைச் சொருகினேன். லைல் இடது கிளிப்பைத் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

அந்த நேரத்தில் நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். அவன் கவனத்தைத் திருப்புவதற்காகத்தான். வேறு காரணம் இல்லை. எழுபத்திரண்டாம் வருடம் லைல் சிக்னலில் கிளம்பிய வேகத்தில் வண்டி போய்விட்டது, நம்பர் பிளேட் மட்டும் கிளம்ப நேரமில்லாமல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது என்கிற கதை. இது உண்மையாக நடந்தது. இரண்டு மைல் தள்ளி நிறுத்தி, நாங்கள் நடந்து திரும்பி வந்தோம். லைல் அந்தக் கதையை ஐந்நூறு தடவை கேட்டிருப்பான். அந்த வண்டியை ஓட்டியவனே அவன்தான். ஆனாலும் இடையிடையே எடுத்துக் கொடுப்பான்.

"போலீஸ்காரர் வந்துட்டாரா?"

"வந்துட்டார். நம்பர் பிளேட்ட சுத்திச் சுத்திப் பாக்குறார். மேல பாக்குறார், கீழ பாக்குறார். கயிறும் இல்ல கம்பியும் இல்ல."

"அப்புறம் என்ன சொன்னார்? சொல்லு, சொல்லு."

"ஒண்ணும் சொல்லல. ஓரமா நிறுத்துங்கன்னு அதுகிட்ட சொல்லிட்டு, அபராதச் சீட்டு எழுதி அதுலயே ஒட்டிட்டுப் போய்ட்டார்."

லைல் வாளியிலிருந்து சரிந்து விழும் அளவுக்குச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்து துடைத்துக்கொண்டான். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கிற அளவுக்கு. அந்தச் சிரிப்பின் நடுவில்தான், மிகத் தெளிந்த மனதோடு, கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தண்டுகள் உள்ளே நகராமல் தடுக்கும் குறுக்கு ஊசியை நுழைத்தேன். பல்சக்கரப் பெட்டியின் மூடியை வைத்தேன். பத்து போல்ட்டையும் முடுக்கினேன். டார்க் ரெஞ்ச் பத்துத் தடவை சொடுக்கியது. மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

நான் வெளியே வந்து எழுந்து நின்றேன். லைல் மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்தான். இனி நடந்ததைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

அவன் குனிந்து அடியில் பார்த்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தான். நான் காத்துக்கொண்டிருந்தேன். அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வர வேண்டும். வந்தால் மூடியைக் கழற்றுவேன், எண்ணெய் இன்னும் ஊற்றவில்லை, கால் மணி நேர வேலை. உள்ளே பார்ப்பேன். இப்படி ஒரு வாய்ப்பை நான் அவனுக்குக் கொடுத்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவன் கேட்டிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பான்.

அவன் நிமிர்ந்தான். பேனாவை என் பக்கம் நீட்டினான்.

"நீயே போட்டுரு, காஸ்."

"விதி என்னாச்சு?"

"என் கண்ணுக்குக் கோடும் தெரியல, போல்ட்டும் தெரியல. எல்லாம் கூழா இருக்கு. நீ போட்டது. இதுல நான் என்னத்தப் பாக்க?"

நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. பேனாவை வாங்கினேன். பத்து போல்ட்டிலும் பத்துக் கோடு போட்டேன். நேரான கோடுகள்.  மூக்கு மட்டும் எரிந்தது, பெயிண்ட் வாடை. அவன் பின்னால் நின்று, அடுத்த வீட்டு டெர்ரியைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருடா, எங்க மெக்கானிக் கோடு போடுறத," என்றான்.

கொலைகாரன் மனதை அந்தச் சொல் அசைக்கவில்லை. அசைத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எண்ணெய் ஊற்றி, சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கினோம். முதல் ஓட்டம். நான் ஏற மறுத்துவிட்டேன். புதுப் பல்சக்கரம் எப்படிச் சத்தம் போடுகிறது என்று வெளியே நின்று கேட்கிறேன், நீ போய்வா என்றேன். இது விதிமீறல்தான். ஆனால் ஒரு சக்கரம் இல்லாமல் போகப் போகிற வண்டியில் ஏற நான் முட்டாள் இல்லை. கராஜ் வாசலில் காபிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் இடது பக்கம் திரும்பினான். தண்டு அங்கே ஒரு விரல் அகலம் நகர்ந்திருக்கும். அடுத்த முனையில் இன்னொரு இடது திருப்பம். பிறகு நேரான சாலை. லைல் ஒரு தடவை மிதித்தான். இரண்டு சக்கரமும் சேர்ந்து கத்தின. இருக்கை முதுகில் அறைவது போலத் தள்ளியது. லைல் பதினெட்டு வயதுக்காரனைப் போலக் கூவினான். நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கு அடியில் போகிற நீண்ட இடது வளைவில் வண்டி நுழைந்தது. அங்கே பின்னாலிருந்து ஒரு உரசல் சத்தம், கரண்டியால் வாணலியைச் சுரண்டுகிற மாதிரி. லைல் சிரிப்பை நிறுத்தினான்.

"காஸ், பின்னால ஏதோ பேசுது," என்றான். "வீட்டுக்குப் போய் மறுபடி ஒருதடவ பாத்துருவோம்."

அவன் பேசிய கடைசி வார்த்தைகள் இவை. முக்கால் மைல் தள்ளி, கராஜ் வாசலில் நின்றவனுக்கு இது எப்படிக் கேட்டது என்று நீங்கள் நினைக்கலாம். அன்று காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. எனக்குக் கண்தான் பழுது, காது பழுதில்லை. இதை எழுதும்போது ஹோர்டன் தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார். என் மாவுக்கட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

இடது சக்கரம் தண்டோடு வெளியே வந்தது. வண்டியின் பின்பக்கம் தார்ச்சாலையில் இறங்கியது. ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. ஓட்டுநர் பக்கம் பாலத்தின் தூணில் போய் நின்றது.

சக்கரம் மட்டும் தன் வழியில் போனது. சிக்னலில் சிவப்பு விழுந்ததும் நின்றது. பச்சை விழுந்ததும் கிளம்பி, வலது பக்கம் திரும்பி, கோனி சாண்ட்விச் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவில், ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. கடையில் பரிமாறும் டார்லீன் சாட்சி. அது நிறுத்தியதைப் போல நேராக நிறுத்துகிற வாடிக்கையாளர் தனக்கு இதுவரை வாய்த்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னாள்.

இவ்வளவுதான் நடந்தது.

கிளிப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தாள்களோடு சேர்த்துக் கொடுக்கிறேன். அதை வைத்து நீங்கள் கவனக்குறைவு என்று எழுதிவிட முடியாது.

ஏன் இதை இப்போது சொல்கிறேன் என்றால், முந்தாநாள் லைலின் மனைவி நோர்மா வீட்டுக்கு வந்தாள். கணவனைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கையில் மூடிய கண்ணாடித் தட்டு, உள்ளே நூடுல்ஸும் கோழியும். என் வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் தானே ஒரு கிண்ணத்தில் போட்டு, கரண்டியை என் இடது கையில் வைத்தாள்.

"நீங்க இதப் போட்டு மனசுக்குள்ள அரைச்சுக்கிட்டே இருக்காதீங்க, காஸ்," என்றாள். "யாருக்கும் நடக்குறதுதான். மறந்துட்டீங்க. அவர் உங்க மேல வருத்தப்பட்டிருக்க மாட்டார்."

நான் சாப்பிட்டேன்.  ஆனால் அந்தப் பேச்சை அப்படியே நிற்க விடக் கூடாது. "மறந்துட்டீங்க." ஒன்பது லட்சம் கிளிப் போட்டவனிடம். அவள் என்னை வெறுக்கலாம், என் வீட்டு ஜன்னலில் கல்லெறியலாம், நீதிமன்றத்தில் என் முகத்துக்கு நேரே விரல் நீட்டலாம். அதற்கெல்லாம் நான் தயார். கோழியும் நூடுல்ஸும் கொண்டுவரக் கூடாது.

எனவே ஏழாவது கட்டத்தைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். லைல் டேக்கட்டை நான் கொன்றேன். தெரிந்து, திட்டமிட்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்று, ஒரு கோப்பைக் காபி குடித்துக்கொண்டே கொன்றேன். டார்க் ரெஞ்சின் மேல் ஆணை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதியதை ஒருதடவை படித்துப் பார்க்க விரும்புகிறேன். அதற்குக் கண்ணாடி வேண்டும். நசுங்கிய வண்டி உங்கள் கிடங்கில் நிற்கிறது. பயணி இருக்கைக்கு அடியில், என் இடது கால் ஷூவுக்குப் பக்கத்தில், கண்ணாடி கிடக்கிறது. தீயணைப்புக்காரர்கள் கதவை வெட்டி என்னை வெளியே இழுத்தபோது இரண்டும் அங்கேயே விழுந்துவிட்டன.